கொலுப்படிக்கு அடியில் கண் திறந்த கிழங்குகள்

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு வைத்தி சார் என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டார். எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அப்போதுதான் ஆலையின் ஜெனரல் ஷிஃப்ட் சைரன் ஓய்ந்திருந்தது. ‘மேடம்’ என்ற சொல்லுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைத்தி சாருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரண நாட்களில் நான் ‘மெர்ஸி’. கொஞ்சம் எரிச்சல் என்றால் ‘மிஸஸ் மெர்ஸி’. ‘மேடம்’ என்பதை அவர் வாயிலிருந்து அதுவரை ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தேன். அன்று ஒரு மாலி, தோட்டக்காரன், ரோஜாப் பாத்திக்கு டீசல் கலந்த தண்ணீரை ஊற்றியிருந்தான்.

சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். செம்பூரில் எங்கள் கம்பெனி காலனியின் தோட்டப் பிரிவை ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் இரண்டு பேர் போன வாரம் ஃபோன் செய்தார்கள். கிழங்கு வைக்கும் அறையின் கதவில், ‘வாழைப்பழமும் சாம்பிராணியும் உள்ளே வரக் கூடாது’ என்று மூன்று மொழிகளில் ஒரு பலகை தொங்குகிறதாம். “ஆன்ட்டி, இது ஏதாவது சாஸ்திரமா? இல்ல யாராவது ஜோக்குக்கு மாட்டினதா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு பார்த்தால் உள்ளங்கை வேர்த்திருந்தது. ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் அப்படித்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அதில் ஒருத்திக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மற்றவள் படித்துச் சொல்லட்டும்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. எங்கள் வீட்டில் மண் என்று இருந்தது, பால்பவுடர் டப்பாவில் அம்மா வளர்த்த கற்றாழைக்கு அடியில் மட்டும்தான். அந்த டப்பாவைப் பார்த்துப் பார்த்தே கொங்கணில் போய்த் தோட்டக்கலை படித்தேன். படித்த கையோடு இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் என்ன கற்றுக்கொண்டேன் என்று யாராவது கேட்டால், புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் கேட்டுக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன் என்பேன். மூன்றாவது வருடம் வைத்தியநாதன் சாரின் கீழே கிழங்குப் பாத்திக்கு மாற்றினார்கள். வேலை அங்கேதான் தொடங்கியது.

வைத்தி சார் பாலக்காட்டு வம்சம், மாட்டுங்காவில் பிறந்தவர். மே மாதத்திலும் முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருப்பார். ஆனால் பாத்தியில் நிற்கும்போது காலில் செருப்பு இருக்காது. பாத்திக்கு வந்ததும் செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் மண்ணில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருப்பார். புது மாலிகள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துத் தாங்களும் கைகூப்புவார்கள். மண்ணின் சூட்டைக் காலால் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிய ஆறு மாதமாயிற்று.

கிழங்குகளை அவர் ஒருபோதும் ‘அது’ என்று சொன்னதில்லை. கையில் எடுத்து, கட்டைவிரலால் அமுக்கி, மூக்கருகே கொண்டுபோய்விட்டு, “இவர் நன்னாத் தூங்கறார்” என்பார். அழுகல் வாசனை வந்தால், “இவர் வரமாட்டார்” என்று தனியாக வைத்துவிடுவார். பாண்டி என்று எங்களிடம் ஒரு மாலி இருந்தான், நெல்லைப் பக்கம், தாராவியில் என் தெருவுக்கு அடுத்த தெரு. அவன் என் காதருகே, “எக்கா, நம்மள வாடா போடாம்பாரு, கெழங்குக்கு மட்டும் அவரு இவருங்காரே” என்பான்.

நாங்கள் நட்டது பெரும்பாலும் கிளாடியோலஸ். கல்யாண மேடைகளில் நீளத் தண்டில் கீழிருந்து மேலாகப் பூத்து நிற்குமே, அதுதான். மழை முடிந்து நட்டால் தை, மாசியில் பூக்கும். கிழங்கு மலைப் பிரதேசத்திலிருந்து வரும். பார்த்தால் அமுக்கிவிட்ட வெங்காயம்போல் இருக்கும். வந்ததும் மேல்தோலை உரிக்க வேண்டும். உரிக்காமல் நட்டால் உள்ளே நோய் இருப்பது தெரியாது. பிறகு பூஞ்சை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் வைத்தி சார் ‘மிஸஸ்’ வரைக்கும் போய்விடுவார். பாத்தியை இரண்டு முறை கொத்தி அக்டோபர் வெயிலுக்குத் திறந்து போட்டு, மேடாக்கி, நான்கு விரல் ஆழத்துக்கு வாய்க்கால்போல் இழுக்க வேண்டும். ஒவ்வொரு கிழங்குக்கும் அடியில் ஒரு பிடி மணல். கடற்கழி மணல் ஆகாது, உப்பு. தட்டையான பக்கம் கீழே, மூக்கு மேலே. ஒரு கிழங்குக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சாண். மூடி, ஒரே ஒரு முறை தண்ணீர். அதற்குப் பிறகு முளை வெளியே தெரியும்வரை பாத்தியைத் தொடக் கூடாது. இந்தத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை. மாலிகளுக்கு வேலையில்லாமல் நிற்கப் பிடிக்காது, குழாயைத் திறந்துவிடுவார்கள். கிழங்கு அழுகிவிடும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் பூ வரும். ஆனால் கம்பெனிக்குப் பூ போதாது. சொன்ன நாளில் பூ வேண்டும். பிப்ரவரி நடுவில் நிறுவனர் தினம். சேர்மனும் அவர் மனைவியும் வருவார்கள். அலுவலக வாசலில் இருக்கும் நீளப் பாத்தி அன்றைக்கு வெள்ளையும் சிவப்புமாக நிற்க வேண்டும். எங்கள் மண்ணில் கிளாடியோலஸுக்கு மூன்று மாதம் பிடிக்கும். ஆகவே அந்தப் பாத்திக்கான கிழங்கு நவம்பர் நடுவில் மண்ணுக்குள் போக வேண்டும். அதுவரை அவர்கள் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் சொல்லும் பருவத்துக்கு முந்தைய பருவத்தில், ஜனவரிக் கடைசியில், மும்பைக்கு வழக்கமில்லாத குளிர். பூத்தண்டு எல்லாம் மொட்டோடு நின்றுவிட்டது. விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பாத்தி முழுக்கப் பூத்துக் குலுங்கியது. பந்தல்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அட்மின் மேனேஜர் சாவந்த் அதை மறக்கவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எதையும் நாளும் கணக்குமாகப் பார்ப்பவர். செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டார். எப்போதும் ஹிந்திதான்.

“மேடம், போன தடவை பூ வந்தது. கெஸ்ட் போனப்புறம் வந்தது.”

“குளிர் சார்.”

“குளிருக்கு நான் மெமோ கொடுக்க முடியாது. ராஜஸ்தான் பிளாண்ட்ல தோட்டத்துக்கு ஆள் கேக்கறாங்க. இந்தத் தடவையும் பாத்தி காலியா நின்னா, மார்ச் ஒண்ணாம் தேதி நீங்க அங்கே ஜாயின் பண்ணணும்.”

“சார், என் பொண்ணு டென்த். மார்ச்ல போர்ட் எக்ஸாம்.”

“அதனாலதான் மேடம் செப்டம்பர்லயே சொல்றேன்.”

மகள் ஷைனி அந்த வருடம் பத்தாவது. என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அப்போது பிரேசில் பக்கம் எங்கோ இருந்தார். நான் போனால் குவார்ட்டர்ஸை அன்றைக்கே காலி செய்ய வேண்டும். ஷைனி பரீட்சைக்கு முந்தின வாரம் மூட்டை கட்டிக்கொண்டு தாராவியில் என் தம்பியின் ஒற்றை அறைக்குப் போக வேண்டும், அல்லது என்னோடு ராஜஸ்தானுக்கு வந்து ஒரு வருடத்தைத் தொலைக்க வேண்டும். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையிடம் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் ராத்திரி நடுவில் நடுவில் எழுந்துபோய் அவள் போர்வையைச் சரிசெய்வது, கேட்காமலே ஹார்லிக்ஸ் கொடுப்பது என்று நான் நடந்துகொண்டதில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வரும்.

கிழங்கு வந்தது. நான்கு கூடை, ஒன்றுகூட அழுகல் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் குளிர் அலமாரியின் கம்ப்ரஸர் போய்விட்டது. அக்டோபர் வெயிலில் ஷெட் தகரம் கொதித்தது. காலனியில் வைத்தி சார் வீட்டில் ஒரு அறையில் ஏ.சி. இருந்தது. “என் வீட்ல வைப்போம். இருட்டா, குளுகுளுன்னு. கம்ப்ரஸர் வந்ததும் திரும்பிக் கொண்டுவந்துடலாம்” என்றார். பாண்டியும் நானும் கூடைகளைச் சுமந்துகொண்டு போனோம்.

அவர் மனைவி ஜெயா மாமி கூடைகளைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். “ரெண்டு நாள்ல நவராத்திரி. இந்த ரூம்லதான் கொலு வெக்கப்போறேன். மாட்டுங்கா முழுக்க வரும், வேர்த்துண்டு நிக்குமே” என்றார்.

“கொலுப்படிக்கு அடியில வெச்சுக்கோ. அங்க இருட்டு. ஆனா பக்கத்துல பழம் கிழம் எதுவும் வெக்காதே” என்றார் சார். மாமி தலையாட்டினார்.

அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் பெண்கள் கூட்டம். வைத்தி சார் சமையலறை வழியாக வந்து சாப்பிட்டுவிட்டு வந்த வழியே போய்விடுவார். அந்த அறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் ஒரு நாள் ஷைனியைக் கூட்டிக்கொண்டு போய் சுண்டல் வாங்கினேன். வெற்றிலைப் பாக்கோடு இரண்டு வாழைப்பழம். ஏ.சி. ஓடியதால் ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, மாமி சாம்பிராணி போட்டிருந்தார். அறை முழுக்க மணம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, எங்கள் கிழங்கு தெய்வங்களுக்குக் கீழே தூங்குகிறது என்று.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளை எடுத்து வைக்கும்போது படிக்குப் போட்டிருந்த வேட்டியை வைத்தி சார் விலக்கினார். கம்ப்ரஸர் வந்துவிட்டதைச் சொல்ல அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

“மேடம், தயவுசெய்து இங்கே வந்து பாருங்கள்.”

நான்கு கூடையிலும் கிழங்குகள் கண் திறந்திருந்தன. ஒவ்வொன்றின் மூக்கிலிருந்தும் விரல் நீளத்துக்கு வெள்ளை முளை, நுனியில் பச்சை. கூடையின் மேல் ஒரு கூட்டம் எழுந்து நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது.

வைத்தி சார் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் ஒரு வாழைத்தாரின் மிச்சம், கறுத்துக் கனிந்து தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க மாமி முழுத்தாராக வாங்கி மாட்டியிருந்தார். பழுக்கும் வாழைப்பழத்திலிருந்து ஒரு வாயு வரும். பக்கத்தில் வைத்த காயைப் பழுக்க வைப்பதும் அதுதான். புகையிலும் அது உண்டு. தூங்குகிற கிளாடியோலஸுக்கு அது அலாரம் மணி. மூடின அறையில் ஒன்பது நாள் அலாரம் அடித்திருக்கிறது.

“ஜெயா, நான் பழம் வெக்காதேன்னேனே.”

“பக்கத்துல வெக்காதேன்னேள். ஜன்னல்லன்னா தொங்கறது!” என்றார் மாமி. பிறகு அவருக்கும் ரோஷம் வந்தது. “இதென்னது, பழத்தை மாட்டினா முளைக்குமா? அப்படின்னா இந்த ரூம் பரண்ல கெடக்கற உருளைக்கிழங்கும் முளைச்சிருக்கணுமே?”

வைத்தி சார் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் கைவிட்டு ஒரு உருளைக்கிழங்கை எடுத்து மாமி கையில் கொடுத்தார். முளைத்துத்தான் இருந்தது.

இப்போது என்ன செய்வது? அப்படியே நட்டால் ஜனவரி தொடக்கத்திலேயே பூத்து முடிந்துவிடும். புதுக் கிழங்குக்கு மலையில் ஃபோன் செய்தேன். எல்லாம் போய்விட்டது, அடுத்த வருடம்தான் என்றார்கள். நான் ராஜஸ்தான் விஷயத்தைச் சாரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னேன். மாமி உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

வைத்தி சார் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சாவந்திடம் போனார். நானும் பின்னால் போனேன். அவருடைய ஹிந்தி மாட்டுங்கா ஹிந்தி, பாதி தமிழ். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, “ஃபால்ட் என் வீட்டோடது. டிரான்ஸ்ஃபர்னா என்னைப் போடுங்கோ” என்றார்.

சாவந்த் பேனாவை மூடிவைத்தார். “சார், உங்களுக்கு ரிடையர்மெண்டுக்கு ஒரு வருஷம்கூட இல்லை. ரூல்படி உங்களை அசைக்க முடியாது. அதோட, மிஸஸ் வைத்தியநாதன் பூஜை பண்ணினதால பூ வரலைன்னு நான் மேலே எழுதணுமா? என்னைத்தான் ராஜஸ்தானுக்கு அனுப்புவாங்க.”

சார் திரும்பி வந்து தன் வீட்டு வாசலில் நின்றார். “மெர்ஸி, முளையை ஒடிச்சுடலாம்.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கிழங்கில் ஒரு கண் மட்டும் இருக்காது. பெரிய முளைக்குப் பக்கத்தில் கடுகுபோல் இன்னொரு கண் இருக்கும். பெரியது இருக்கிறவரை அது எழாது. பெரியதை ஒடித்துவிட்டு உடனே குளிரில் வைத்தால் கிழங்கு மறுபடி அடங்கும். பிறகு நட்டால் அந்தச் சின்னக் கண் வரும். வந்தால்.

“வரலைன்னா சார்?”

“தண்டு குட்டையாத்தான் வரும். ரெண்டு பூ கொறச்சலா வரும். வந்தாப் போறும்.”

கூடத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். சார், நான், பாண்டி, மாமி. முளையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மேலே இழுத்தால் சின்னக் கண்ணும் சேர்ந்து வந்துவிடும். பீன்ஸ் ஒடிக்கிற சத்தம்தான். ஆனால் ஒவ்வொரு ‘டிக்’குக்கும் எனக்கு உள்ளே ஒன்று ஒடிந்தது. பாண்டி இரண்டை ஒடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். “எக்கா, மொளச்சி நிக்கத ஒடிக்கதுக்கு மனசு வரமாட்டேங்கி. நீங்களே பாருங்க.” மாமி அவன் பங்கையும் இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். “நான் எழுப்பினதை நானே தூங்கப் பண்றேன், தள்ளிக்கோ” என்றார்.

அடுத்த பிரச்சினை குளிர். கம்ப்ரஸர் புதிதாக வந்தும் அலமாரி இரண்டு கூடையைத்தான் நம்பி வைக்கிற அளவுக்குக் குளிர்ந்தது. கேண்டீனின் குளிர் அறையில் பழம் இருக்கும், அந்தப் பேச்சே வேண்டாம். மாமி எழுந்துபோய்த் தன் ஃப்ரிட்ஜிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து மேடையில் வைத்தார். மாவு, தயிர், கீரை, ஊறுகாய், எல்லாம். “ஒண்ணு இங்க வையுங்கோ” என்றார். நவம்பர் நடுவரை அந்த வீட்டில் பால் இரண்டு வேளை வாங்கினார்கள், தயிர் மத்தியானத்துக்கு முன்னாலேயே புளித்தது. வைத்தி சார் புளித்த மோரைக் குடித்துக்கொண்டு, “பேஷ்” என்பார். முகம் வேறு சொல்லும்.

நான்காவது கூடை என் ஃப்ரிட்ஜுக்கு வந்தது.

“அம்மா, யே கியா ஹை?” என்றாள் ஷைனி கதவைத் திறந்து. “என் டென்த் வருஷம், ஃப்ரிட்ஜுக்குள்ள கிழங்கு ஏ.சி.ல தூங்குது. எனக்கு ஐஸ் வாட்டர்கூட இல்லையா?”

“பானைத் தண்ணி குடி. தொண்டைக்கு நல்லது.”

“இதுங்கல்லாம் பரீட்சை எழுதுமா?”

எழுதும் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் நடுவில் நட்டோம். நான்கு விரல் ஆழம், ஒரு பிடி மணல், ஒரு முறை தண்ணீர். பிறகு தொடவில்லை. பாண்டி குழாயைத் தொட்டுவிடுவானோ என்று அதன் கைப்பிடியைக் கழற்றி என் கைப்பையில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்கே போனேன். ஒரு வாரம், இன்னொரு வாரம், மண் மூடியபடி கிடந்தது. வைத்தி சார் தினமும் வெறுங்காலோடு வந்து நிற்பார், போவார். ஒரு திங்கட்கிழமை பாண்டி ஷெட்டுக்கு ஓடி வந்தான். “எக்கா, வந்துட்டாவ! ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, வரிசையா வந்துட்டாவ!” கிழங்குக்கு அவனும் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டான் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

முளை ஒல்லியாக இருந்தது, ஆனால் வந்தது. சிலவற்றில் மூன்றாவது கண்ணும் சேர்ந்து எழுந்தது, அவற்றைக் கிள்ளிவிட்டோம். ஜனவரியில் இலை முழங்கால் வரை. தண்டு வெளியே தள்ளுகிற நேரத்தில் மறுபடியும் குளிர் வந்தது. காலை லோக்கல் ரயிலில் சால்வை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பாத்தியருகே நின்று வானத்தைத் திட்டினேன். சார் செடிகளுக்கு இடையில் பாத்தி முழுக்கக் கறுப்புப் பாலிதீன் விரிக்கச் சொன்னார், மண் சூடாகட்டும் என்று. தண்ணீரை வெயில் ஏறிய பிறகு மட்டும் விட்டோம்.

அந்த வாரம் ஒரு மாலை, கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே ஷைனி கேட்டாள். “அம்மா, ராஜஸ்தான்ல தமிழ்ச் சர்ச் இருக்குமா?”

நான் அடுப்பை அணைத்தேன். “உனக்கு யாரு சொன்னா?”

“காலனியில எல்லாருக்கும் தெரியும். பாண்டி மாமா அக்டோபர்லயே சொன்னாரு. ‘ஒங்க அம்மாகிட்ட கேக்காத பிள்ள, அழுவாவ’ன்னாரு.”

“நீ ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ டென்ஷன் ஆவேன்னுதான். நீ டென்ஷன் ஆனா ஹார்லிக்ஸ் கொடுப்பே. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.” அவள் சிரித்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள். “போகணும்னா போலாம்மா. ஆனா எனக்குப் போகப் பிடிக்கலை.”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

நிறுவனர் தினத்தன்று விடிகாலையில் பாத்தியில் நிறம் தெரிந்தது, பூ தெரியவில்லை. தண்டுகள் எல்லாம் குட்டை. சார் சொன்னதுபோலத்தான். கீழ் மொட்டுகள் சிவப்பும் வெள்ளையுமாக நுனி காட்டிக்கொண்டு, திறக்கலாமா வேண்டாமா என்று நின்றன. சேர்மன் பதினொரு மணிக்கு. நாங்கள் பாலிதீனை எடுத்தோம், இலைகளைத் துடைத்தோம். பாண்டி மொட்டருகே குனிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், சூடு கொடுக்கிறானாம். சாவந்த் ஒரு முறை வந்தார், பாத்தியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

எங்கள் பக்கம் பேசியது மும்பையின் டிராஃபிக். சேர்மனின் கார் எங்கோ மெட்ரோ வேலையில் மாட்டிக்கொண்டது. வெயில் ஏறியது. பன்னிரண்டுக்கு முன்னால் முதல் வெள்ளை திறந்தது. பிறகு அதன் பக்கத்தில், அதற்குப் பக்கத்தில். கார் கேட்டுக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு தண்டிலும் அடியில் ஒன்றோ இரண்டோ மலர்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பாத்தி முழுக்கப் பூ. வைத்தி சார் வரப்பில் செருப்பைத் தேடினார், அது அவர் காலடியிலேயே கிடந்தது.

சேர்மன் இறங்கினார், ஃபோனில் பேசிக்கொண்டே நேராகப் பந்தலுக்குப் போனார். அவர் மனைவிக்கு முதுகுவலி, யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். ஒருவரும் பாத்திப் பக்கம் திரும்பவில்லை. நான்கு மாதமாக எங்கள் தூக்கத்தைத் தின்ற பாத்தி அது. பாண்டி என்னைப் பார்த்தான். “எக்கா, நாம கூப்புட்டுக் காட்டுவமா?” வேண்டாம் என்றேன். சாவந்த் மட்டும் பேச்சுகள் முடியும்வரை பாத்தியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஃபோனில் யாரிடமோ நிறையக் கேட்டுக்கொண்டும் கொஞ்சமாகப் பதில் சொல்லிக்கொண்டும் இருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று தெரியவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை, பயம்தான்.

சாயங்காலம் ஷைனி கூடத்து மேஜையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஜபமாலைபோல் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் சாவந்த்.

அவர் அதுவரை எந்த ஸ்டாஃப் வீட்டுக்கும் வந்ததில்லை. கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. உள்ளே வரச் சொன்னேன். செருப்பு ஸ்டாண்டைத் தாண்டவில்லை. தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“பூ வந்துடுச்சு மேடம். யாரும் பார்க்கலை. நான் பார்த்தேன்.”

“சார், அந்த ராஜஸ்தான் வேலை…”

“அது ஃபில் ஆயிடுச்சு.”

“யாரு சார்?”

“நான்.” சிரிக்க முயன்றார், வரவில்லை. “தோட்டத்துக்கு மட்டும் இல்லை, அங்கே அட்மினுக்கும் ஆள் வேணுமாம், ரெண்டையும் ஒருத்தரே பாக்கணுமாம். மத்தியானம்தான் ஃபோன்ல சொன்னாங்க. மார்ச் ஒண்ணு. குவார்ட்டர்ஸை அன்னிக்கே விடணும்.”

அவர் என் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் ஷைனியின் தலை குனிந்திருந்தது.

“என் பையன் டுவெல்த். பரீட்சை பாதியில இருக்கும். டோம்பிவிலியில அண்ணன் வீட்ல விட்டுட்டுப் போறேன். ஒரே ரூம், ஏழு பேர், எந்நேரமும் டி.வி.” டம்ளரை ஸ்டாண்டின் மேல் மெதுவாக வைத்தார். “பரீட்சை முடியற வரைக்கும், பகல்ல மட்டும், அவன் இங்கே வந்து படிக்கட்டுமா மேடம்? சாப்பாடு கட்டிக் கொண்டுவந்துடுவான். அந்த மேஜையில ஒரு ஓரம் கிடைச்சாப் போதும்.”